செல்ஃப் எடுக்கவில்லையா, இன்ஜின் பிடிக்கவில்லையா? கிளம்பாத கார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவியைத் திருப்பியும் வண்டி கிளம்பாவிட்டால், கை தானாகவே மறுபடி திருப்பப் போகும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் பொறுங்கள். முதல் முறை என்ன சத்தம் கேட்டது, டேஷ்போர்டு விளக்குகள் என்ன செய்தன என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்தச் சத்தமே பெரும்பாலும் சொல்லிவிடும். அதைக் கவனிக்காமல் பத்து முறை திருப்பினால், பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரமும் போய்விடும். ஒரு பழுது இரண்டாகிவிடும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தச் சத்தத்திலிருந்தே தொடங்குகின்றன.

வண்டி கிளம்பவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

கிளம்பாத வண்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செல்ஃப் எடுக்கவில்லை. அதாவது ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றவே இல்லை, அல்லது முனகிக்கொண்டு அரைச்சுற்றோடு நின்றுவிடுகிறது. மற்றொன்று, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. இவை இரண்டும் முற்றிலும் வேறு வேறு பழுதுகள். முதல் வகையில் தேட வேண்டியது மின்சாரத்தின் பாதையை: பேட்டரி, டெர்மினல் (பேட்டரியில் கேபிள் மாட்டும் முனை), கேபிள், ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்), சாவி சுவிட்ச், செல்ஃப் மோட்டார். இரண்டாவது வகையில் இவை அனைத்தும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன என்று பொருள். அங்கே எரிபொருள், ஸ்பார்க், காற்று, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது), திருட்டுத் தடுப்புப் பூட்டு ஆகியவற்றைத் தேட வேண்டும். செல்ஃப் வேகமாகச் சுற்றும் வண்டிக்குப் புதுப் பேட்டரி வாங்கிப் போடுவது வீண் செலவு. அப்படிச் செய்பவர்கள் ஏராளம்.

எதைத் தொடுவதற்கு முன்பும் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடிய ஷெட்டுக்குள் இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள். இன்ஜின் திடீரென்று பிடித்துக்கொண்டால் வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சாவியைத் திருப்பினால் ‘டக டக டக’ என்று தொடர்ந்து அடித்துக்கொள்கிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை.

செல்ஃப் மோட்டாரின் முதுகில் சாலினாய்டு என்றொரு மின்காந்த சுவிட்ச் உட்கார்ந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் சிறிய மின்னோட்டம் அதற்குப் போகிறது. அது உள்ளே இருக்கும் தண்டை இழுத்து, பற்சக்கரத்தை ஃபிளைவீல் என்ற இன்ஜின் சக்கரத்தோடு சேர்த்துவிட்டு, கடைசியில் ஒரு தடித்த செம்புத் தொடுமுனையை மூடுகிறது. அந்த நொடியில்தான் செல்ஃப் மோட்டார் பேட்டரியிலிருந்து உண்மையான மின்னோட்டத்தை உறிஞ்சுகிறது. சாதாரணப் பெட்ரோல் காரிலேயே அது நூறு ஆம்பியரைத் தாண்டும். டீசல் இன்ஜினுக்கு இன்னும் அதிகம். வலுவிழந்த பேட்டரியால் அதைத் தாங்க முடியாது. வோல்ட்டேஜ் சரிந்துவிடும். சரிந்ததும் சாலினாய்டுக்குத் தண்டைப் பிடித்து வைக்க வலு போதாமல் விட்டுவிடும். விட்டதும் சுமை நீங்கி வோல்ட்டேஜ் ஏறும், ஏறியதும் மறுபடி இழுக்கும், மறுபடி சரியும். நொடிக்குப் பல முறை நடக்கும் இந்த இழுப்பும் விடுப்பும்தான் உங்கள் காதில் விழுவது. ஆகவே இந்தச் சத்தம் கேட்டால் சாவி சுவிட்ச், சாலினாய்டுக்குப் போகும் கம்பி இரண்டும் வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். நேராகப் பேட்டரிக்குப் போங்கள்.

ஒரே ஒரு ‘டக்’. அதன் பிறகு அமைதி. இது எதனால்?

இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி ஏறக்குறைய அணைந்தே போனால், பேட்டரியோ அதன் இணைப்போ பலவீனமாக இருக்கிறது. அரிதாக, செல்ஃப் மோட்டாரோ இன்ஜினோ இறுகி நின்றிருக்கலாம். ‘டக்’ என்ற பிறகும் விளக்கு பிரகாசம் குறையாமல் எரிந்தால், சாலினாய்டு இழுத்தும் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. சாலினாய்டின் தொடுமுனைகள் கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கலாம்.

பிரஷ் தேய்ந்த செல்ஃப் மோட்டாரைக் கனமான ஸ்பேனரின் பின்பக்கத்தால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி, உடனே ஒருவர் சாவியைத் திருப்பினால் சில சமயம் எடுத்துவிடும். மோட்டாரின் உடலில் மட்டும் தட்டுங்கள். கம்பி இணைப்புகளில் வேண்டாம். அப்படி எடுத்துவிட்டால் பழுது தீர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. இன்ஜினை அணைக்காமல் நேரே பட்டறைக்குப் போக வேண்டும்.

எந்தச் சத்தமும் இல்லை. ஆனால் விளக்கு, ஹாரன் எல்லாம் நன்றாக இருக்கின்றன.

அப்படியானால் ‘கிளம்பு’ என்ற கட்டளை செல்ஃப் வரை போய்ச் சேரவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் லீவர் ‘பி’ அல்லது ‘என்’ நிலையில் முழுமையாக உட்காராவிட்டால் செல்ஃப் எடுக்காது. ‘பி’யில் எடுக்காத வண்டி ‘என்’னில் எடுத்தால், கியர் நிலையை உணரும் சுவிட்ச்தான் காரணம். மேனுவல் வண்டிகள் பலவற்றில் கிளட்சை அடிவரை மிதித்தால்தான் எடுக்கும். கால்மிதியடி நகர்ந்து பெடலுக்குக் கீழே சிக்கியிருந்தாலே போதும், சுவிட்ச் வேலை செய்யாது. பட்டன் வைத்த வண்டியில் பிரேக் பெடலும் இதேபோல் முக்கியம். பிரேக்கை மிதிக்கும்போது பின்புற விளக்கு எரியவில்லை என்றால், பிரேக் சுவிட்சைச் சந்தேகிக்க வேண்டும்.

சாவியே திரும்பவில்லை என்றால், ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்தபடியே சாவியைத் திருப்புங்கள். பலம் கொடுத்துத் திருகினால் சாவிதான் முறியும்.

அடுத்தது ஃபியூசும் ரிலேயும். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எது எதற்கு என்ற படம் இருக்கும். பல வண்டிகளில் ஸ்டார்ட்டர் ரிலேவும் ஹாரன் ரிலேவும் ஒரே வகையாக இருக்கும். இரண்டின் மீதும் அச்சிட்டுள்ள எண் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் எடுத்து, ஹாரன் அடிக்காமல் போனால், எதை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். மலிவானதே போதும். வண்டி நின்று சில மணி நேரம் ஆன பிறகு, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்து அளவெடுங்கள். 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். 12.5 காட்டும் பேட்டரி, சுமை ஏறியதும் படுத்துவிடுவது சாதாரணமாக நடப்பது. உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிட்டால் வோல்ட்டேஜ் இருக்கும், வலு இருக்காது. அதனால் ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியைச் சார்ஜ் செய்து மறுபடி சோதிக்க வேண்டும். முழு சார்ஜுக்குப் பிறகும் அப்படியே இறங்கினால், அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

எவ்வளவு சார்ஜ் செய்தாலும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றுவிடும் பேட்டரிகளும் உண்டு. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆறில் ஒன்று செத்துப்போனால் மிஞ்சுவது 10.5. அதைக் காப்பாற்ற முடியாது.

கார் பேட்டரிகள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். பேட்டரி கெடுவது குளிரில் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் அதன் பலவீனத்தை வெளியே காட்டுகிறது. உள்ளே இருந்து அரிப்பது வெப்பம்தான்.

டெர்மினல் இறுக்கமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் மின்சாரம் போகவில்லை?

மேலே பார்த்து முடிவு செய்துவிட்டீர்கள். கேபிள் முனையில் உள்ள கிளாம்பைக் கழற்றி உள்வட்டத்தைப் பாருங்கள். வெளியே பளிச்சென்று இருக்கும் கிளாம்பின் உட்புறத்தில், ஈய முனையைத் தொடும் இடத்தில், மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவு போல் உதிரும். விளக்குக்கும் ஹாரனுக்கும் தேவையான சில ஆம்பியர்களை அந்தப் படலம் தடுப்பதில்லை. செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும்போது தடுத்துவிடுகிறது. தொட்டி நிறைய நீர் இருந்தும் குழாய் வாயில் அடைத்துக்கொண்டால் சொட்டுச் சொட்டாகத்தானே விழும், அதுதான் இங்கே நடப்பது. பேட்டரி நல்லது, செல்ஃப் நல்லது, வண்டி மட்டும் கிளம்பாது.

இறுக்கமாக இருக்கிறதா என்பதற்கும் சரியான சோதனை ஒன்று இருக்கிறது: கிளாம்பைக் கையால் பிடித்துத் திருகினால் அது துளியும் அசையக் கூடாது.

சுத்தம் செய்யும் முறை எளிது. முதலில் கருப்பு நிற நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். பாசிட்டிவ்வை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் கழன்ற பிறகு அந்த ஆபத்து இல்லை. வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால், சமையல் சோடாவை நீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்து அடங்கியதும் துடைத்துவிட்டு, முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈயம் மின்னும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூளில் அமிலம் இருக்கிறது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மேலே லேசாக வாசலின் தடவலாம்.

நெகட்டிவ் கேபிளின் மறுமுனையையும் விட்டுவிடாதீர்கள். அது வண்டியின் உடலிலும் இன்ஜினிலும் போல்ட் போட்டு எர்த் செய்யப்பட்டிருக்கும். அங்கே துரு ஏறினாலும் இதே கதைதான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் மாற்றியும் தீராத பழுதுகள் பல இந்த ஒரு போல்ட்டில் வந்து முடிந்திருக்கின்றன.

வேறொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பும்போது எந்த வரிசையில் மாட்ட வேண்டும்?

இரண்டு வண்டிகளும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும், ஒன்றையொன்று தொடக் கூடாது, இரண்டிலும் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். முதலில் சிவப்புக் கேபிளின் ஒரு முனையை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். மறு முனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். அடுத்து கருப்புக் கேபிளின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டுங்கள். அதன் கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டக் கூடாது. அந்த வண்டியின் இன்ஜினில், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத கனமான உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும். அதன் பக்கத்தில் பொறி பட்டால் பேட்டரி வெடிக்கும். இது புத்தகத்துக்காக எழுதி வைத்த எச்சரிக்கை அல்ல; முகத்திலும் கண்ணிலும் அமிலம் தெறிக்கும் விபத்து.

நல்ல வண்டியைக் கிளப்பிச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு மற்றதைக் கிளப்புங்கள். கிளம்பியதும் மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்றுங்கள். சிவப்பும் கருப்பும் மாறிவிட்டால் ஃபியூஸ்களும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் ஒரு நொடியில் போய்விடும். ஒவ்வொரு முனையிலும் கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் கண்ணால் பார்த்துவிட்டு மாட்டுங்கள். உப்பியிருக்கும், விரிசல் விட்ட, உறைந்துபோன பேட்டரியில் கேபிளே போடாதீர்கள். மெல்லிய கம்பியுள்ள கேபிள் சூடாகிப் புகையும், வேலையும் நடக்காது.

பேட்டரி டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கும் வண்டிகளில், கேபிள் மாட்டுவதற்கென்றே பானெட்டுக்குள் தனி முனைகள் கொடுத்திருப்பார்கள். வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

கேபிள் போட்டதும் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது. ஏன்?

பலர் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். அப்போதும் 12.3, 12.1 என்று இறங்கிக்கொண்டே போனால், வண்டி பேட்டரியில் மிச்சமிருந்த மின்சாரத்தை வைத்து ஓடிக்கொண்டிருக்கிறது. பெல்ட் அறுந்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்ப்பது பழைய காலத்துச் சோதனை. இன்றைய வண்டிகளில் அது மின்னணுப் பாகங்களைப் பொசுக்கிவிடும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஆல்டர்னேட்டர் சரியாக இருந்தாலும், முழுக்க இறங்கிய பேட்டரியை ஒரு சிறு பயணம் நிரப்பிவிடாது. சார்ஜரில் ஓர் இரவு போட்டு வைப்பதே நல்லது.

செல்ஃப் எவ்வளவு நேரம் அடிக்கலாம்?

ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். இடையில் அரை நிமிடமாவது, நீண்ட முயற்சி என்றால் இரண்டு நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் சுருள் விரைவில் சூடேறிக் கருகும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் இன்ஜின் பிடிக்கவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

காதிலிருந்து. பெட்ரோல் வண்டி என்றால், சாவியை ‘ஆன்’ நிலையில் மட்டும் வைத்துப் பின் இருக்கைப் பக்கம் கவனியுங்கள். எரிபொருள் பம்ப் இரண்டு நொடி ‘ஊய்ங்’ என்று ஓடி நிற்கும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் பம்ப், அதன் ரிலே, அதன் ஃபியூஸ் ஆகிய மூன்றையும் பாருங்கள். எரிபொருள் முள்ளை நம்பாதீர்கள். முள் சிக்கிக்கொண்டு கால் டாங்க் காட்டிக்கொண்டிருக்கும் காலி டாங்குகள் உண்டு. சில வண்டிகளில் மோதல் நேர்ந்தால் பம்பை நிறுத்திவிடும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் அது துண்டித்திருக்கலாம். மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும்.

அடுத்து டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ உள்ள விளக்கைப் பாருங்கள். அது விடாமல் மின்னினால், இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. சில வண்டிகள் செல்ஃபையே தடுத்துவிடும். சில வண்டிகள் செல்ஃபைச் சுற்றவிட்டு எரிபொருளை மட்டும் நிறுத்தும். இன்னும் சில, இன்ஜின் பிடித்த ஓரிரு நொடியில் அணைத்துவிடும். இரண்டாவது சாவி இருந்தால் அதைக் கொண்டு முயலுங்கள். ஒரே வளையத்தில் வேறு வண்டியின் சாவியும் கோத்திருந்தால் தனியே எடுத்துவிடுங்கள். அதற்குள் இருக்கும் சில்லு குறுக்கிடக்கூடும்.

மூன்றாவதாக, செல்ஃப் சுற்றும்போது இன்ஜின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள் லேசாக எழுகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அது 200-ஐ ஒட்டி அசையும். அசையாமல் பூஜ்ஜியத்திலேயே கிடந்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் சுற்றுகிறது என்ற தகவலை அந்தச் சென்சார் தராவிட்டால், கட்டுப்பாட்டுக் கணினி ஸ்பார்க்கும் கொடுக்காது, எரிபொருளும் தெளிக்காது. முள் அசைவதால் மட்டும் சென்சார் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் தேடலின் திசை கிடைத்துவிடும்.

பெட்ரோல் வாடை பலமாக அடிக்கிறது. பிளக் நனைந்துவிட்டது என்கிறார்கள்.

அளவுக்கு மேல் பெட்ரோல் இறங்கி, ஸ்பார்க் பிளக்கின் முனைகள் நனைந்துவிட்டன. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, சூடேறும் முன்பே அணைத்து, மறுபடி கிளப்பும்போது இது நேரும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில், முழு ஆக்சிலரேட்டரோடு செல்ஃப் அடித்தால் கணினி பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். வாடையோடு வண்டிக்கு அடியில் பெட்ரோல் சொட்டுவதும் தெரிந்தால் செல்ஃபே அடிக்காதீர்கள். விலகி நின்று மெக்கானிக்கை அழையுங்கள்.

வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது. சத்தமே வேறு மாதிரி இருக்கிறது.

உடனே நிறுத்துங்கள். கம்ப்ரஷன் இருக்கும் இன்ஜின் சுற்றும்போது ஏற்றமும் இறக்கமுமாக ஒரு தாளம் கேட்கும். அந்தத் தாளம் இல்லாமல் மின்விசிறி போல ஒரே சீராகச் சுற்றினால், பிஸ்டனும் வால்வுகளும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளை இடிக்கும். நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு செல்ஃபும் சேதத்தைக் கூட்டக்கூடும்.

டீசல் வண்டிக்கு இதெல்லாம் பொருந்துமா?

செல்ஃப் பக்கம் அப்படியே பொருந்தும். மற்றது மாறும். டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை; காற்றை அழுத்திச் சூடாக்கியே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அதனால் செல்ஃப் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலே பிடிக்காது. சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும் வரை காத்திருந்து செல்ஃப் அடியுங்கள். அந்த நேரத்தில் குளோ பிளக்குகள் உள்ளறையைச் சூடாக்குகின்றன. காலையில் நீண்ட நேரம் சுற்றி, வெண்புகை கக்கி, பிறகு முரண்டு பிடித்தபடி கிளம்பினால் குளோ பிளக்குகளைச் சோதியுங்கள்.

டீசல் தீர்ந்து நின்ற வண்டியில் ஊற்றியவுடன் கிளம்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். கைப்பம்ப் இருந்தால் அது கெட்டியாகும் வரை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரில் தேங்கும் நீரையும் வடித்துவிடுங்கள்.

டீசல் வண்டியில் தவறிப் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியை ‘ஆன்’ நிலைக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள். உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். பெட்ரோலுக்கு அந்தக் குணம் இல்லை. டாங்கைக் காலி செய்த பிறகே எதுவும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கிளப்பலாமா?

கூடாது. ஒரே ஒரு முறைகூடக் கூடாது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும், இன்ஜினே உடையும். பேட்டரியின் நெகட்டிவைப் பாதுகாப்பாகக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றாமல் இன்ஜினைச் சுற்றவே கூடாது.

காலையில் கிளம்புகிறது. ஓடிச் சூடான பிறகு அணைத்தால் மறுபடி கிளம்புவதில்லை. அரை மணி கழித்துக் கிளம்புகிறது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் கிராங்க் சென்சார்தான் முதல் சந்தேகம். சூட்டில் அதன் உள் இணைப்பு விட்டுப்போய், ஆறியதும் கூடிக்கொள்ளும். சூட்டில் செல்ஃபே மெதுவாகச் சுற்றினால், சைலன்சர் குழாய்க்கு அருகில் வெந்துகொண்டிருக்கும் செல்ஃப் மோட்டாரையும் அதன் கேபிளையும் பாருங்கள். இத்தகைய பழுதை வண்டி ஆறிய பிறகு காட்டிப் பயனில்லை. கிளம்ப மறுக்கும் அந்த நேரத்திலேயே சோதிக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

தள்ளிக் கிளப்பலாமா?

மேனுவல் கியர் வண்டியில், பேட்டரியில் கொஞ்சமாவது மின்சாரம் இருந்தால் முடியும். சாவி ‘ஆன்’ நிலையில், இரண்டாவது கியரில், கிளட்சை மிதித்துக்கொண்டு, தள்ளுபவர்கள் ஓடும் வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, பிடித்ததும் உடனே மிதிக்க வேண்டும். இன்ஜின் ஓடாதவரை ஸ்டீயரிங் கனக்கும், பிரேக்கும் இரண்டொரு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். சரிவிலோ நெரிசலிலோ முயலாதீர்கள். பேட்டரி அடியோடு காலியாகியிருந்தால் பெட்ரோல் பம்பும் கணினியும் உயிர் பெறாது. எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி தள்ளிக் கிளம்பாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் இரண்டொரு முயற்சியோடு விட்டுவிடுங்கள்.

1912-இல் கேடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வரும்வரை, காரைக் கிளப்புவது என்றால் முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றுவதுதான். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். இன்றைய கார்களில் அந்தக் கைப்பிடிக்கு இடமே இல்லை. ஆகவே செல்ஃப் பாதையைப் பராமரிப்பது ஒன்றே வழி.

பட்டனை அழுத்தினால் ‘சாவி இல்லை’ என்று காட்டுகிறது. சாவி என் கையில்தான் இருக்கிறது.

சாவிக்குள் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். பல சாவிகளில் அது சிஆர் 2032 வகை. சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்ட வைத்து அழுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் கிளம்பிவிடும். சிலவற்றில் இதற்கென்று தனிக்குழி இருக்கும். கதவே திறக்காவிட்டால், அந்தச் சாவியின் உடலுக்குள் ஓர் உலோகச் சாவி ஒளிந்திருக்கும், இழுத்தால் வரும். கைப்பேசியோடு ஒட்டி வைத்த சாவியையும் வண்டி சில நேரம் காணாது.

புதுப் பேட்டரிதான். இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் இறங்கிவிடுகிறது.

வண்டி உறங்கும்போதும் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பூட்டிய பிறகு பெரும்பாலான வண்டிகள் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆனால் பூட்டிய உடனே அளக்காதீர்கள். கணினிகள் ஒவ்வொன்றாக அடங்க அரை மணி, சில வண்டிகளில் ஒரு மணி நேரம்கூட ஆகும். அதன் பிறகும் அதிகமாகக் காட்டினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ, அந்தக் கிளையில் பழுது. பின்னாளில் பொருத்திய கேமரா, ஜிபிஎஸ் கருவி, ஒலிபெருக்கி ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். டிக்கி விளக்கு அணைகிறதா என்பதை, கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினாலே கண்டுபிடிக்கலாம்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களிலும் இந்தத் தொல்லை வருமா?

வரும். அவற்றிலும் 12 வோல்ட் சிறு பேட்டரி இருக்கிறது. அது இறங்கினால் கணினிகள் விழிக்காது. பெரிய பேட்டரி நிரம்பியிருந்தும் வண்டி நகராது. கேபிள் போட்டு அந்தச் சிறு பேட்டரிக்கு மட்டும் உயிர் கொடுக்கலாம், கையேடு காட்டும் முனையில். ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவே கூடாது. அவை உயர் மின்னழுத்தம். இந்த வண்டிகளிலிருந்து வேறு வண்டிக்கு மின்சாரம் கொடுப்பதைப் பல நிறுவனங்கள் தடை செய்திருக்கின்றன.

வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் கிராங்க் சென்சார் ‘கோடு’ (பழுதுக் குறியீடு) வந்திருக்கிறது. சென்சாரை மாற்றிவிடலாமா?

பி 0335 என்ற கோடு, அந்தச் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று சொல்கிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. இணைப்பியைக் கழற்றிப் பாருங்கள்: உள்ளே எண்ணெய் ஊறியிருக்கிறதா, ஊசி பச்சை பூத்திருக்கிறதா, கம்பியை எலி கடித்திருக்கிறதா. பேட்டரி இறங்கியிருந்த நேரத்தில் பதிவான கோடாகவும் இருக்கலாம். கோடை அழித்துவிட்டு, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, மறுபடி செல்ஃப் அடியுங்கள். அதே கோடு திரும்ப வந்து, கம்பியும் இணைப்பியும் நன்றாக இருந்தால் சென்சாரை மாற்றுங்கள்.